கதவோடு போன வார்டு

சவேரியார்குடி, தென்கரை
14 நவம்பர் 1959

அன்புள்ள மச்சானுக்கு ஜோதிமேரி எழுதுவது.

நான் சுகம், சின்னவளுக்குச் சளி விட்டுவிட்டது, நீங்களும் தோணியும் சுகமாக இருக்க மாதாவை வேண்டிக்கொள்கிறேன். நலம் விசாரிப்பு அவ்வளவுதான். இங்கே நடக்கிற கூத்தை முதலில் கேளுங்கள்.

ஆடி மாதம் நாம் வடகரையில் இருந்தபோது சர்க்காரிலிருந்து மலையாண்டி என்று ஒருவர் தார் டின்னோடு வந்து வீட்டுக்கு வீடு கதவில் எண் எழுதினாரே, நினைவிருக்கிறதா? நம் கதவில் இருபத்தேழு போட்டார். "வள்ளத்துக்குத் தார் பூசிப் பாத்திருக்கேன், கதவுக்குமா?" என்று நீங்கள்கூடச் சிரித்தீர்கள். பஞ்சாயத்துத் தேர்தலுக்கு ஓட்டர் லிஸ்ட் எடுக்கத்தான் அந்த எண்.

அப்புறம் நீங்கள் அண்ணனோடு சண்டை போட்டுக்கொண்டு தூத்துக்குடிக்குப் போய்விட்டீர்கள். வாடைக் காற்றும் வந்துவிட்டது. வழக்கம்போலக் கூரை, கம்பு, கதவு எல்லாவற்றையும் பிடுங்கிக்கொண்டு ரயில் பாதையைத் தாண்டித் தென்கரைக்கு வந்து குடிசை போட்டோம். எண்ணும் கதவோடு சேர்ந்து வந்துவிட்டது. அதை ஒருவர்கூட யோசிக்கவில்லை. கதவு போகிற இடத்துக்குத்தானே வீடும் போகும் என்று இருந்துவிட்டோம்.

போன வாரம் வார்டு பிரிக்க ஒரு அதிகாரி வந்தார். லிஸ்டை வைத்துக்கொண்டு நேராக வடகரைக்குப் போயிருக்கிறார். அங்கே மணலையும் ஒரு உடைந்த பானையையும் தவிர என்ன இருக்கும்? "வீடுகள் இல்லை" என்று எழுதி நம் பெயர்களை அடித்துவிட்டார். பிறகு தென்கரைக்கு வந்தார். இங்கே மூன்றுக்குப் பக்கத்தில் இருபத்தேழும் அதற்குப் பக்கத்தில் பத்தும் இருந்ததைப் பார்த்துத் தலையைச் சொறிந்தார். "தற்காலிகக் குடிசைகள்" என்று எழுதிக்கொண்டு, உங்கள் அண்ணி யாகப்பம்மாள் அக்கா கொடுத்த கடுங்காப்பியைக் குடித்துவிட்டுப் போய்விட்டார்.

இப்போது சாவடியில் நோட்டீஸ் ஒட்டியிருக்கிறது. ரயில் பாதைதான் எல்லையாம். வடக்கே ஒரு வார்டு, தெற்கே ஒரு வார்டு. வடக்கே நமக்கு வீடில்லை, தெற்கே நமக்குப் பெயரில்லை. சவேரியார்குடி முழுவதற்கும் ஒரு ஓட்டுக்கூடக் கிடையாது மச்சான்!

வடக்கு வார்டில் மிச்சம் இருப்பது தோப்புக்காரர் பொன்னுச்சாமியும் அவரை அண்டி இருப்பவர்களும்தான். அவர் இப்போதே மெம்பர் மாதிரித் துண்டை மாற்றிப் போட்டுக்கொண்டு நடக்கிறார். அவர் தோப்புக் கிணற்றுத் தண்ணீரைத்தான் நாம் குடிக்கிறோம். நினைத்தால் கேட்டைத் திறக்கிறார், நினைத்தால் பூட்டுகிறார். நேற்றுக்கூட நாங்கள் குடத்தோடு உச்சி வெயிலில் நின்றோம். நமக்கென்று ஒரு மெம்பர் இருந்தால் நமக்கென்று ஒரு கிணறு கேட்கலாம். அது தெரிந்துதான் எனக்கு ராத்தூக்கமே போய்விட்டது.

சும்மா விடுவேனா? ஆட்சேபணை மனு எழுதிவிட்டேன். எல்லாரும் பெருவிரல் வைத்தார்கள். முதல் விரல் உங்கள் அண்ணன் வேதநாயகம். இதைச் சொன்னால் உங்களுக்குக் கோபம் வரும் என்று தெரியும். இருந்தாலும் சொன்னேன்.

இப்படிக்கு
ஜோதிமேரி


தூத்துக்குடி
25 நவம்பர் 1959

அன்புள்ள ஜோதிக்கு,

கொழும்பில் சரக்கை இறக்கிவிட்டு நேற்றுத்தான் கரை சேர்ந்தோம். உன் கடிதத்தைப் படித்துச் சிரித்த சிரிப்பில் தோணியை நடத்தும் எங்கள் தண்டல் முஹைதீன் காக்கா சமையலை விட்டுவிட்டு வந்துவிட்டார். அவருக்கும் வாசித்துக் காட்டினேன். "ஊரே எடம் மாறுனா அந்த ஆபீசர் என்ன செய்வாரு பாவம்" என்றார். பிறகு அவரே, "ஆனா ஓட்டு இல்லேன்னா பேச்சு இல்லப்பா, விடாதீங்க" என்றார்.

அண்ணன்தான் முதலில் விரல் வைத்தாரா? வைப்பார். எதிலும் முதல் ஆளாக நிற்பது அவருக்குப் பிறவியிலேயே வந்தது. கேட்காமல் அவர் வள்ளத்தை எடுத்துக்கொண்டு போனேன், பாய்மரம் முறிந்தது, தப்புத்தான். அதற்காக ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து ஊரே வெளியே வரும் நேரம் பார்த்துக் கோயில் வாசலில் கன்னத்தில் அடிப்பதா? "ஒன் வாசப்படிய இனிமே மிதிக்க மாட்டேன்" என்றார். மிதிக்க வேண்டாம் என்றேன். அந்தப் பேச்சு அப்படியே இருக்கட்டும். உன் கடிதத்தில் அவர் பெயரைக் கொஞ்சம் குறைத்து எழுது.

மனு எழுதியது சரி. ஆனால் நீ படித்த பெண்ணாக இருந்தும் ஒன்றைக் கவனிக்கவில்லையே! சர்க்கார் கையால் எழுதிய எண் ஒவ்வொரு கதவிலும் இருக்கிறதல்லவா? வடகரையில் எழுதிய எண் தென்கரையில் எப்படி வந்தது? அதே ஆட்கள்தான் என்பதற்கு அதைவிட என்ன சாட்சி வேண்டும்? அந்த அதிகாரியை மறுபடியும் கூப்பிட்டுக் கதவுகளைக் காட்டு.

எட்வர்ட்


சவேரியார்குடி, தென்கரை
4 டிசம்பர் 1959

அன்புள்ள மச்சானுக்கு,

கதவைக் காட்டச் சொல்லி எழுதியிருக்கிறீர்கள். கடிதத்தைப் படித்துவிட்டு நெஞ்சில் அடித்துக்கொண்டேன். காட்ட எண் இல்லை!

நான் செவ்வாய்க்கிழமை பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்திவிட்டுத் திரும்பினால் குடி முழுக்க ஒரே மண்ணெண்ணெய் வாடை. ஆளாளுக்குச் சிரட்டையும் கந்தலும் வைத்துக்கொண்டு கதவைச் சுரண்டிக்கொண்டு இருக்கிறார்கள். பொன்னுச்சாமி தோப்பில் யாரோ உங்கள் அண்ணனிடம் கொளுத்திப் போட்டிருக்கிறார்கள். அவர் அங்கிருந்து ஓடிவந்து, "ஏலே, சர்க்கார் நம்பரை எடம் விட்டு எடம் தூக்கிட்டுப் போனா செயிலாம்லே! பொழுது சாயுறதுக்குள்ள எல்லாத்தையும் அழிச்சிருங்க" என்று சத்தம் போட்டிருக்கிறார். கடலில் எந்த அலைக்கும் அசையாத மனிதர், செயில் என்றதும் ஆடிவிட்டார். ஊரும் சேர்ந்து ஆடியது.

எனக்கு வந்த ஆத்திரத்தில் வாயில் வந்ததையெல்லாம் சொல்லிவிட்டேன். "நம்ம கையாலேயே நம்ம பேரை அழிச்சுப்புட்டீங்களே பெரிய மச்சான்" என்று கத்தினேன். மூத்தவரிடம் அப்படிப் பேசியது முதல் தடவை.

அழுதுகொண்டே வீட்டுக்கு வந்தேன். வந்து பார்த்தால், மச்சான், நம் கதவில் இருபத்தேழு கருகருவென்று அப்படியே இருக்கிறது!

யாகப்பம்மாள் அக்காதான் சொன்னார்கள். கையில் சிரட்டையோடு உங்கள் அண்ணன் நம் வாசல்வரை வந்தாராம். "அவன் வாசப்படிய மிதிக்க மாட்டேன்னு சொன்னவன் அவன் கதவுல எப்படிக் கை வைக்கிறது" என்று சொல்லித் திரும்பிவிட்டாராம். உங்கள் சண்டைக்கு மாதா ஆயிரம் வருசம் ஆயுசு கொடுக்கட்டும். அதுதான் அந்த எண்ணைக் காப்பாற்றியது.

மனுவின் மேல் இம்மாதம் 15ஆம் தேதி ராமநாதபுரத்தில் விசாரணை. சொல்லிப் பார்த்தால் நம்ப மாட்டார்கள். கதவையே கழற்றி ரயிலில் ஏற்றிக்கொண்டு போகப்போகிறேன். யாகப்பம்மாள் அக்காவும் இன்னும் இரண்டு பெண்களும் வருகிறார்கள். இது உங்களிடம் கேட்கிற அனுமதி இல்லை, தகவல்தான். நீங்கள் திட்டி எழுதினாலும் கடிதம் வந்து சேர்வதற்குள் கதவைத் தூக்கிப் பார்க்கிற ஒத்திகை முடிந்துவிடும்.

ஜோதிமேரி


தூத்துக்குடி
9 டிசம்பர் 1959

ஜோதி,

அவசரமாக எழுதுகிறேன், தபால்கட்டு கிளம்பப்போகிறது. திட்டவெல்லாம் இல்லை. அந்தக் கதவு அய்யாவுடைய பழைய வள்ளத்தின் அடிப்பலகை. நீ நினைப்பதைவிடக் கனம். இரண்டு பேர் தூக்கினால் இடுப்பு போய்விடும், நான்கு பேர் வேண்டும். மேல் கீலில் இருக்கும் ஆணியை இழுத்தால் வராது, கீழேயிருந்து தட்டு. எண் இருக்கும் பக்கத்தில் சாக்கைச் சுற்று. ரயிலில் படுக்க வைக்காதே, உட்கார்ந்து வெற்றிலை போடுவார்கள். பாம்பன் பாலம் வரும்போது நிமிர்த்தியும் வைக்காதே, வாடைக்கு அது பாய் மாதிரிப் பிடித்துக்கொள்ளும்.

கல்யாணம் ஆனதிலிருந்து ராமநாதபுரம் கூட்டிப்போங்கள் என்று என்னை அரித்தாய். கடைசியில் கதவைக் கூட்டிக்கொண்டு போகிறாய். இருக்கட்டும்.

அண்ணன் நம் கதவைத் தொடவில்லை என்பதை இரண்டு முறை படித்தேன்.

எட்வர்ட்


சவேரியார்குடி, தென்கரை
17 டிசம்பர் 1959

அன்புள்ள மச்சானுக்கு,

எங்கிருந்து தொடங்குவது என்று தெரியவில்லை, எல்லாம் ஒன்றாக முட்டிக்கொண்டு வருகிறது.

ஸ்டேஷனிலேயே முதல் சண்டை. கார்டு வந்து, "என்னம்மா இது, வீட்டையே தூக்கிட்டு வாரீகளா?" என்றார். "வீடு இருக்கிறதா இல்லையான்னுதான் விசாரணை, அதுக்குத்தான் கொண்டு போறோம்" என்றேன். சாக்கை விலக்கி எண்ணைக் காட்டினேன். சர்க்கார் எண்ணைப் பார்த்ததும் அவர் குரல் இறங்கிவிட்டது. பெண்கள் பெட்டியில் ஏற்றிக்கொண்டோம். பாலத்தில் நீங்கள் சொன்னபடிச் சாய்த்துப் பிடித்தோம். அப்படியும் யாகப்பம்மாள் அக்கா கண்ணை மூடிக்கொண்டு செபமாலை சொல்லிக்கொண்டே வந்தார்கள்.

விசாரணை அறைக்குள் கதவு நுழையவில்லை! அவர்கள் வாசலைவிட நம் கதவு அகலம், சாய்த்து நுழைக்கலாம் என்றால் உள்ளே மேசை இடித்தது. கடைசியில் அதிகாரியே எழுந்து வராந்தாவுக்கு வந்தார். போன மாதம் வந்தவர் இல்லை, இவர் வேறு ஆள். கோபப்படுவார் என்று பார்த்தால் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கதவைச் சுற்றி வந்தார்.

பொன்னுச்சாமியும் வந்திருந்தார். "எசமான், இவங்க காத்தோட வந்து காத்தோட போற ஆளுங்க. இன்னைக்கு இங்கன இருப்பாங்க, நாளைக்கு அங்கன இருப்பாங்க. இவங்களுக்கு எதுக்கு வார்டு? யாரு எவருன்னு எங்களுக்கே தெரியாது" என்றார்.

நான் கதவில் கையை ஊன்றிக்கொண்டு நின்றேன் மச்சான். "மீனு காத்துப் பாத்து எடம் மாறுது, மீனு பின்னாடி நாங்க மாறுறோம். ஆறு மாசம் வடகரை, ஆறு மாசம் தென்கரை, எங்க பாட்டன் காலத்துலேர்ந்து அப்படித்தான். ரெண்டு கரையிலயும் தண்ணிக்கு உங்க தோப்புக் கேட்டைத்தான் தட்டுறோம். பூட்டும்போது எங்களை யாருன்னு நல்லாத் தெரியுது, ஓட்டுன்னா மட்டும் தெரியலையா?" என்று கேட்டேன். வராந்தாவில் நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். பொன்னுச்சாமி துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார்.

அதிகாரி மலையாண்டியைக் கூப்பிட்டு அனுப்பினார். அவர் வந்து குனிந்து பார்த்தார். "என் கைதான் சார். ஏழுக்கு இப்படி வால் விடுறவன் இந்த ஆபீஸ்ல நான் ஒருத்தன்தான். வடகரையில வச்சு எழுதுனேன். இந்த வீட்டுலதான் கருவாட்டுக் குழம்பும் சோறும் போட்டாங்க" என்றார். நீங்கள் அன்றைக்கு அவரைச் சாப்பிடாமல் போகக்கூடாது என்று பிடித்து உட்கார வைத்தது எவ்வளவு நல்லதாகப் போயிற்று பாருங்கள்!

ஆனால் முழுசாகச் சந்தோஷப்பட முடியவில்லை. "ஒரு கதவு ஒரு வீட்டுக்குத்தாம்மா சாட்சி. மத்த வீடுகளுக்கு?" என்று கேட்டார். அழித்துவிட்டோம் என்று எப்படிச் சொல்வது? "வந்து பாருங்க ஐயா" என்று மட்டும் சொன்னேன். பொங்கல் கழித்து வருகிறேன் என்றிருக்கிறார். வந்து எதைப் பார்ப்பார் என்று எனக்கே தெரியவில்லை.

ஜோதிமேரி


தூத்துக்குடி
3 ஜனவரி 1960

அன்புள்ள ஜோதிக்கு,

உன் கடிதம் ஏசு பிறந்த நத்தாருக்கு மறுநாள் கிடைத்தது. நான் வாசித்து முடிப்பதற்குள் தோணிக்காரர்கள் எல்லாரும் கூடிவிட்டார்கள். கதவு அறைக்குள் நுழையாத இடத்தில் முஹைதீன் காக்கா துடையைத் தட்டிக்கொண்டு, "மாஷா அல்லா, திரும்பப் படி" என்றார். இப்போது துறைமுகத்தில் என்னை யாரும் எட்வர்ட் என்று கூப்பிடுவதில்லை. "ஏலே இருபத்தேழு, கயித்தப் பிடி" என்கிறார்கள்.

எனக்கு ஒரே ஒரு வருத்தம், அந்த வராந்தாவில் நான் இல்லை. நீ பேசியதை நான் நேரில் கேட்டிருக்க வேண்டும். மற்ற கதவுகளை நினைத்துத்தான் எனக்கும் தூக்கம் இல்லை. என்ன ஆனது என்று உடனே எழுது.

எட்வர்ட்


சவேரியார்குடி, தென்கரை
22 ஜனவரி 1960

மச்சான்! வார்டு நமக்குத்தான்!

அதிகாரி நேற்று வந்தார். ஊர் முழுக்க வாசலில் திரண்டு நின்றது. முதல் கதவு உங்கள் அண்ணனுடையது. அவர் முன்னால் போய் நின்று, "எசமான், தப்பு என் பேருல. நான்தான் பயந்துபோய் அழிக்கச் சொன்னேன். புடிக்கிறதுன்னா என்னை மட்டும் புடிச்சிட்டுப் போங்க" என்று இரண்டு கையையும் நீட்டினார்.

அதிகாரி அவரைக் கவனிக்கவே இல்லை. கதவையே பார்த்துக்கொண்டு, "அழிக்கச் சொன்னீங்க சரி, ஆனா அழியலையே" என்றார்.

நாங்கள் எல்லாரும் எட்டிப் பார்த்தோம். சுரண்டும்போது தார் இருந்த இடத்தை மட்டும்தானே சுரண்டினார்கள்? கதவு முழுக்க உப்புக்காற்றில் கறுத்துக்கிடக்க, சுரண்டிய கோடு மட்டும் பச்சைப் பலகையாக வெளுத்து எண் எண்ணாகவே நிற்கிறது. அன்றைக்கு மண்ணெண்ணெய் ஈரத்தில் தெரியவில்லை, காய்ந்ததும் தெளிந்துவிட்டது. இத்தனை நாளும் அந்தக் கதவுகளைத் திறந்து மூடிக்கொண்டு இருக்கிறோம், ஒருவர் கண்ணிலும் படவில்லை. மலையாண்டி ஒவ்வொரு கதவாக வாசித்துக்கொண்டே போனார். அழித்ததற்காக ஒரு பேச்சுப் பேசிவிட்டு அதிகாரி அதோடு விட்டுவிட்டார்.

ரயில் பாதைக்கு வடக்கே இருக்கும் நம் மணலும் தெற்கே இருக்கும் நம் மணலும் சேர்ந்து இனி ஒரே வார்டு. இடையில் தோப்பை ஒட்டிய வீடுகளும் இதில் வருகின்றன. அடித்த பெயர்களையெல்லாம் திரும்ப எழுதச் சொல்லிவிட்டார். பிள்ளைகள் கத்திய கத்தலில் காகமெல்லாம் பறந்துவிட்டது.

இனிமேல் எழுதப்போவதைக் கோபப்படாமல் படியுங்கள். பொன்னுச்சாமியே நம் வார்டில் நிற்கப்போகிறார். நம்மில் ஒருவர் நின்றால் நாம் ஜெயிப்போம். இரண்டு பேர் நின்றால் ஓட்டுப் பிரிந்து அவர் ஜெயிப்பார். உங்கள் அண்ணன்தான் நிற்பார் என்று எல்லாரும் நினைத்திருந்தோம், அவரும் அப்படித்தான் நினைத்திருந்தார். ஆனால் நேற்று ராத்திரியே கோயில் முற்றத்தில் கூட்டம் போட்டபோது யாகப்பம்மாள் அக்கா எழுந்து, "கதவைத் தூக்கிட்டுப் போனவ நிக்கட்டும்" என்று சொல்லிவிட்டார்கள். சொந்தப் புருசனுக்கு எதிராக! பெண்கள் அத்தனை பேரும் ஆமாம் என்றார்கள்.

அவர் முகம் சுண்டிவிட்டது. "எட்வர்ட்டு எங்கிட்ட ஒரு வார்த்த கேக்கட்டும், நான் ஒதுங்கிக்கிறேன். கேக்காட்டி நானும் நிப்பேன்" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார். எனக்குப் பயமும் ஆசையும் சேர்ந்து வருகிறது. நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

ஜோதிமேரி


தூத்துக்குடி
30 ஜனவரி 1960

ஜோதி,

வார்டு கிடைத்ததில் சந்தோஷம். மிச்சத்தில் சந்தோஷம் இல்லை. கூட்டம் போட்டார்கள், பேசினார்கள், உன்னை நிற்கச் சொன்னார்கள், எல்லாம் முடிந்த பிறகு புருசனுக்குக் கடுதாசி. நல்லது.

நீ நிற்பதை நான் தடுக்கவில்லை. ஆனால் ஊர் பார்க்க என்னை அடித்தவரிடம் நான் கேட்க வேண்டுமா? அடித்தவர் அல்லவா கேட்க வேண்டும்? என் கன்னம் என்ன கோயில் மணியா, வந்தவர் போனவரெல்லாம் தட்டுவதற்கு? என்னால் முடியாது. அவர் நிற்கட்டும், நீயும் நில், யார் ஜெயிக்கிறார்களோ ஜெயிக்கட்டும்.

எட்வர்ட்


சவேரியார்குடி, தென்கரை
6 பிப்ரவரி 1960

மச்சானுக்கு,

நாங்கள் இருவரும் நின்றால் பொன்னுச்சாமி ஜெயிப்பார். எழுத்துக் கூட்டிப் படிக்கிற சின்னவளுக்கே இது தெரிகிறது. உங்களுக்குத் தெரியாதா?

அடித்தது தப்பு. அதை அன்றைக்கே அவர் முகத்துக்கு நேராகச் சொன்னவள் நான். ஆனால் சிரட்டையும் கையுமாக நம் வாசலில் நின்று, தன் சொல்லுக்குக் கட்டுப்பட்டு நம் கதவைத் தொடாமல் போனவரும் அவர்தான். அந்த ஒரு கதவு இல்லையென்றால் இன்றைக்கு நிற்பதற்கு வார்டே இல்லை.

நேற்றும் கேட் பூட்டித்தான் இருந்தது. நமக்கு வார்டு கிடைத்ததில் பொன்னுச்சாமிக்குக் கோபம். குடத்தை வைத்துவிட்டு வெயிலில் நின்றோம். மனுத்தாக்கல் கடைசித் தேதி இம்மாதம் 24.

ஜோதிமேரி


தூத்துக்குடி
14 பிப்ரவரி 1960

ஜோதி,

அவருக்கு எழுதிவிட்டேன். நாளைக் காலையில் பாய் விரிக்கிறோம், திரும்ப இரண்டு வாரம் ஆகும். என்ன எழுதினேன் என்று கேட்காதே. அது எனக்கும் அவருக்கும் உள்ளது.

எட்வர்ட்


சவேரியார்குடி, தென்கரை
25 பிப்ரவரி 1960

அன்புள்ள மச்சானுக்கு,

உங்களுக்கும் அவருக்கும் உள்ளதா? அவருக்கு எழுத்து வாசனையே கிடையாது என்பதை மறந்துவிட்டீர்களே! உங்கள் கடிதத்தை அவர் யாரிடம் கொண்டு போவார்? ஊரில் வேறு யாரிடம் போனாலும் வெட்கக்கேடு. ஒரு நாள் முழுக்க மடியில் வைத்துக்கொண்டு திரிந்துவிட்டு, சனிக்கிழமை சாயங்காலம் நம் வாசலுக்கு வந்து வெளியே நின்றார்.

"தம்பி எழுதியிருக்கான். என்னன்னு பாரு" என்று கையை மட்டும் உள்ளே நீட்டினார்.

நான் உள்ளே நின்று வாசித்தேன், அவர் வாசலுக்கு வெளியே நின்று கேட்டார். அன்றைக்கு வாடை இல்லாத பேயாட்டம் ஆடியது. கூரை ஓலை படபடவென்று அடித்துக்கொள்கிறது. "அண்ணே" என்று தொடங்கினேன். "என்னா?" என்றார். "அண்ணே" என்று கத்தினேன். "கேக்கல தாயி" என்றார். இன்னும் சத்தமாக வாசித்தால் ஊருக்கே கேட்கும். நான் நிறுத்திவிட்டேன்.

அவர் படியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு காலைத் தூக்கி உள்ளே வைத்துவிட்டார், மச்சான்! உள்ளே வந்து கதவையும் அவரே சாத்தினார். இருபத்தேழை ஒரு தடவை தடவிப் பார்த்துவிட்டுத்தான் சாத்தினார்.

"அண்ணே, என் கதவைத் தொடாமல் விட்டதற்கு நன்றி. ஜோதி நிற்கட்டும், அவள் பெயரை நீங்களே முன்மொழிய வேண்டும், இதை நான் கேட்கிறேன்" என்று வாசித்தேன். அதற்கு அடுத்த வரியை நான் வாசிக்கவில்லை. "வள்ளம் உங்களுக்குக் கைவருகிற அளவுக்குச் சட்டம் கைவராது" என்று எழுதியிருந்தீர்களே, அதைக் கேட்டிருந்தால் வந்த காலோடு திரும்பியிருப்பார். கடைசி வரியை மட்டும் வாசித்தேன். "மரம் முறிந்ததற்கு எனக்கும் மனசு முறிந்துதான் இருக்கிறது, வந்து புது மரம் போட்டுத் தருகிறேன்."

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "வெறும் மரத்துக்கு அவனை நான் அடிச்சேனா? பேய்க்காத்துக்குள்ள தனியாப் போனான், செத்துருப்பானேங்கிற பயத்துல அடிச்சேன். அதைச் சொல்லத் தெரியல எனக்கு" என்றார். இதை எழுதும்போது எனக்கும் கண்ணீர் வருகிறது. அழிக்காமல் அப்படியே அனுப்புகிறேன்.

திங்கட்கிழமை மனுத்தாக்கலுக்கு அவரே என்னோடு வந்தார். என் பெயரை முன்மொழிந்து முதல் விரலும் அவர்தான் வைத்தார். எனக்குக் கிடைத்த சின்னம் என்ன தெரியுமா? பூட்டு! கதவுக்காரிக்குப் பூட்டு கிடைத்திருக்கிறது என்று ஊரே சிரிக்கிறது. பொன்னுச்சாமிக்கு விளக்கு.

ஜோதிமேரி


சவேரியார்குடி, தென்கரை
28 மார்ச் 1960

மச்சான், மச்சான், மச்சான்!

ஜெயித்துவிட்டேன்! தோப்பை ஒட்டிய வீட்டுப் பெண்களும் எனக்குத்தான் போட்டிருக்கிறார்கள், அவர்களும் அதே கேட்டில்தானே நிற்கிறார்கள். ஓட்டுப் போடும் நாளில் உங்கள் அண்ணன் வள்ளம் எதையும் இறக்க விடவில்லை. "ஓட்டைப் போட்டுட்டுக் கடலைப் பாரு" என்று கரையில் கம்போடு உட்கார்ந்துவிட்டார். முடிவு சொன்னதும் என்னைவிட யாகப்பம்மாள் அக்காதான் அதிகம் ஆடினார்கள். குரல் கட்டிப்போய்விட்டது எனக்கு. அதனால் கடிதமும் சின்னதுதான்.

ஜோதிமேரி


தூத்துக்குடி
9 ஏப்ரல் 1960

என் மெம்பர் அம்மாளுக்கு,

கொழும்பிலிருந்து வந்து இறங்கியதும் உன் கடிதத்தைக் கையில் கொடுத்தார்கள். சாக்கு மூட்டைமேல் ஏறி நின்று வாசித்தேன். முஹைதீன் காக்கா தோணிக்காரர் எல்லாருக்கும் பனங்கற்கண்டு போட்டுத் தேநீர் கொடுத்தார். நான் கொஞ்சம் அழுதேன். காற்று என்று சொல்லிச் சமாளித்தேன்.

தோணி ஓட்டம் முடியப்போகிறது. பாஸ்குத் திருநாளுக்கு வர முடியாது, அதற்கு அடுத்த சனிக்கிழமை 23ஆம் தேதி ரயிலில் வாரேன். அண்ணனுக்குப் பாய்மரத்துக்கு நல்ல மரமாகப் பார்த்து வைத்திருக்கிறேன். உன்னைப் போலவே நானும் கார்டோடு சண்டை போட்டுத்தான் ஏற்ற வேண்டியிருக்கும்.

ஒரே ஒரு சந்தேகம். காற்று மாறுகிற நேரம் இது. ஸ்டேஷனில் இறங்கி நான் இடப்பக்கம் வடகரைக்கு நடக்க வேண்டுமா, வலப்பக்கம் தென்கரைக்கு நடக்க வேண்டுமா? வீடு எந்தப் பக்கம் இருக்கும்?

எட்வர்ட்


சவேரியார்குடி, கரை இன்னும் முடிவாகவில்லை
19 ஏப்ரல் 1960

அன்புள்ள மச்சானுக்கு,

நீங்கள் வருகிற அன்றைக்குக் கூரை ஒரு கரையிலும் கம்பு ஒரு கரையிலும் இருக்கும், கதவு யார் தலையிலாவது இருக்கும். தெற்கேயிருந்து கச்சான் காற்று தொடங்கிவிட்டது, பாதி ஊர் பாதையைத் தாண்டிவிட்டது. நானே இதை மூட்டைமேல் உட்கார்ந்துதான் எழுதுகிறேன்.

பஞ்சாயத்தில் முதல் கூட்டம் நடந்தது. கிணறு கேட்டேன். வடகரைக்கு ஒன்று, தென்கரைக்கு ஒன்று. "ஒரு வார்டுக்கு ரெண்டு கெணறா?" என்று ஒருவர் கேட்டார். "ஊரு ஒண்ணுதான், கரை ரெண்டு" என்றேன். வடகரைக் கிணற்றுக்குத் தீர்மானம் போட்டாயிற்று, தென்கரைக்கு அடுத்த கூட்டத்தில் கட்டாயம் போட வைப்பேன்.

நம் கதவை இந்த முறை உங்கள் அண்ணன் யாரையும் தொட விடவில்லை. அவரே கீலைக் கீழேயிருந்து தட்டிக் கழற்றினார். இருபத்தேழு கொஞ்சம் மங்கியிருந்தது என்று வள்ளத்துக்கு வைத்திருந்த தாரில் அதன்மேலேயே எழுதித் தந்திருக்கிறார். எழுத்துத் தெரியாத கை, மேலே ஓட்டிக்கொண்டே போனார். மலையாண்டி விட்ட வால் அப்படியே இருக்கிறது.

இடமா வலமா என்று கேட்டீர்களே. ரயிலை விட்டு இறங்கி எந்தப் பக்கம் வேண்டுமானாலும் நடங்கள். இரண்டும் நம் வார்டுதான்.

ஜோதிமேரி